அறுபத்து மூன்றாம் பக்கம்

1. விடுபட்ட மருமகன்

அச்சகத்தில் நான் செய்த முதல் வேலையிலேயே ஒரு மருமகனை விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கனடாவின் ஸ்காபரோவில், மார்க்கம் வீதிப் பக்கம் ஒரு பிளாசாவின் பின்புறத்தில் எங்கள் அச்சகம் இருந்தது. முன்புறத்தில் மரக்கறிக் கடையும் வீடியோக் கடையும். கலியாணக் கார்ட், பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீட்டுக் கார்ட், கோயில் நோட்டீஸ், கடைக் கலண்டர் என்று வந்ததெல்லாம் அடித்தோம். எல்லாவற்றிலும் அதிகம் வந்தது கல்வெட்டு. இப்போதைய பிள்ளைகளுக்குக் கல்வெட்டு என்றால் அரசன் வெட்டிவைத்த கல்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது வேறு. யாழ்ப்பாணத்து ஆட்கள் வீட்டில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம் அது. படம், பிறந்த ஊர், கொஞ்சம் தேவாரம், பிறகு இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர் என்று உறவுமுறை முழுவதும் வரும். உயிரோடு இருக்கும்போது முகம் பார்க்காதவர்கள்கூட அந்தப் பக்கத்தில் அடுத்தடுத்து நிற்பார்கள்.

நான் டைப் செய்த முதல் கல்வெட்டில் மூத்த மருமகனின் பெயர் இல்லை. அவர் பக்கத்து ஊரான பிக்கரிங்கிலிருந்து புத்தகத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, இதை அடிச்சது ஆர்?"

"நான்தான் அண்ணை."

"அப்ப நான் ஆர்? கடைசி ரெண்டு வருசமும் மாமாவை ஆஸ்பத்திரிக்கு ஏத்தி இறக்கினவன் நான். பத்துப் பேரின்ர பேர் கிடக்கு. என்ர பேரைக் காணேல்லை."

அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் சிரிக்கவேயில்லை. முதலாளி மகேந்திரன் அண்ணை எல்லாவற்றையும் திருப்பி அடித்துக் கொடுத்தார். மருமகன் போனபிறகு என்னைக் கூப்பிட்டு, "விமலா, எழுத்துப் பிழை விட்டாச் சனம் மன்னிக்கும். பேரை விட்டா மன்னிக்காது. ஞாபகம் வைச்சிரும்" என்றார்.

வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கத்தில் ஒரு படிவம் தயாரித்தேன். அதில் நான் கேட்காத உறவு கிடையாது. எனக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். ஒரு பெயரும் விடுபடக்கூடாது என்பதுதான் என் தொழில் வேதம். அந்த வேதமே ஒரு நாள் என்னைக் குழிக்குள் தள்ளியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. தூசும் புள்ளியும்

நான் சேர்ந்து மூன்று நான்கு வருடம் போயிருக்கும். ஒரு பனி நாளில், துணிப்பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு மனிதர் உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும்.

"விமலா, உந்தச் சைனாக்காரர் என்ன கேக்கிறார் எண்டு ஒருக்காப் பார்" என்றார் மகேந்திரன் அண்ணை.

தமிழ் தெரியாவிட்டாலும் 'சைனா' அவருக்கு விளங்கிவிட்டது. "நான் சீனன் இல்லை. திபெத்தியன்" என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. எங்களை யாராவது வேறு ஏதாவது நாட்டுக்காரர் என்று சொன்னால் முதலில் பாய்கிறவர் அவர்தான்.

அவரை நொர்பு என்று இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் அதுவல்ல. நாங்கள் இருவரும் பேசியது அரைகுறை ஆங்கிலத்தில். அதைத் தமிழில் தருகிறேன்.

பைக்குள் அறுபத்திரண்டு பக்கங்கள். எல்லாம் மூங்கில் பேனாவால் கறுப்பு மையில் அவரே எழுதியவை. கட்டுரை கொஞ்சம், கவிதை கொஞ்சம். அவருடைய நாட்டில் அடிக்க முடியாத எழுத்து. எங்கள் கணினியில் திபெத்திய எழுத்து இல்லை. எழுதியதை அப்படியே கமராவில் படமெடுத்து, நெகட்டிவ் ஆக்கி, பிளேட் போட்டு அடிக்கலாம் என்றேன். சொல்லிக்கொண்டே ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் கையை நீட்டி அதை மெதுவாகத் திருப்பிவைத்தார். நான் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

மகேந்திரன் அண்ணைக்குத் தயக்கம். என்னிடம் தமிழில் கேட்டார். "உதில என்ன எழுதிக் கிடக்கோ தெரியாது. அடிச்சா எங்களுக்கு ஏதும் பிரச்சினை வராதோ?"

மிஷின் பக்கத்திலிருந்து ஜோசப் அண்ணை பதில் சொன்னார். மன்னார்க்காரர், எங்கள் பிரஸ்மன். "சைனாக்காரன் மார்க்கம் றோட்டுக்கு வந்து உம்மட கடைக் கண்ணாடியை உடைக்கப் போறானே? எங்கட ஆக்களைப் பற்றி எழுதினாத்தான் அது நடக்கும்."

மூவரும் சிரித்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு தமிழ் இளைஞர் கொண்டுவந்த சிறு பத்திரிகையை, எங்கள் இயக்கங்களைக் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறது என்பதற்காக, மிஷின் பழுது என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தோம். அந்தப் பொய்யை டெலிபோனில் சொன்னது நான். நொர்புவின் புத்தகத்தை எடுத்ததில் அந்தக் குற்ற உணர்வுக்கும் பங்குண்டு என்றுதான் நினைக்கிறேன்.

வேலை தொடங்கியதும் ஒரு சிக்கல். நெகட்டிவில் தூசு பட்ட இடமெல்லாம் ஊசிமுனை ஓட்டைகள் விழும். அப்படியே விட்டால் அவை அச்சில் கறுப்புப் புள்ளியாக வரும். லைட் டேபிளில் நெகட்டிவை வைத்து, ஒவ்வொரு ஓட்டையையும் தூரிகையால் மை பூசி அடைக்க வேண்டும். தமிழ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். ஆனால் திபெத்திய எழுத்தில் ஒவ்வொரு அசைக்குப் பிறகும் ஒரு புள்ளி வருகிறது. எது எழுத்தின் புள்ளி, எது தூசு என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆகவே நொர்பு வந்து பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. குயின் வீதியில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். செவ்வாய்க்கிழமை லீவு. நாலு செவ்வாய் வந்தார். நான் தூரிகையோடு குனிந்திருப்பேன். அவர் விரலை வைத்து, "இது என்னுடையது. இது தூசு. இது தூசு. இது என்னுடையது" என்று சொல்லிக்கொண்டே போவார்.

3. வீடு ஏன் வெறுமையாக இருக்கிறது?

பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் பேச்சு வரும்தானே. லாசாவில் ஒரு சஞ்சிகையில் துணை ஆசிரியராக இருந்ததாகச் சொன்னார். எழுதுவதையெல்லாம் ஒரு அதிகாரியிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

"மோசமான ஆள் என்று நினைத்தீர்களா? இல்லை. தேத்தண்ணீர் ஊற்றித் தருவார். என் அம்மாவின் சுகம் கேட்பார்" என்றார்.

அம்மா இறந்தபிறகு அவருடைய வீட்டைப் பற்றி நொர்பு ஒரு கவிதை எழுதினார். அதிகாரி வாசித்துவிட்டு, "வீடு ஏன் வெறுமையாக இருக்கிறது? இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று வாசகர் கேட்பார்களே" என்றார். நொர்பு வீட்டுக்குப் போய் மாற்றி எழுதினார். இந்தமுறை வீடு நிறைய ஆட்கள். அதிகாரி மறுபடியும் வாசித்தார். "இத்தனை பேர் ஏன் ஒரே வீட்டில் கூடியிருக்கிறார்கள்?"

நான் தூரிகையை வைத்துவிட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். "அங்கே இருக்கும்போது சிரிப்பு வரவில்லை" என்றார்.

பிறகு அவருடைய சிறு தொகுப்பு ஒன்று வந்து, சில மாதத்தில் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. வேலை போனது. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மலை கடந்து நேபாளம் வந்து, அங்கிருந்து இங்கே.

இந்தப் புத்தகத்தின் கடைசிப் பன்னிரண்டு பக்கங்கள் அவருடையவை அல்ல என்று நாலாவது செவ்வாயில்தான் சொன்னார். அவருடைய நண்பர் எழுதியதை இவர் பார்த்துப் பிரதி செய்திருந்தார். அந்த நண்பரை எழுத்துக்காகவே பிடித்துக்கொண்டுபோய், சுகமில்லாத நிலையில் வீட்டுக்கு விட்டார்கள். அதிக நாள் இருக்கவில்லை. அவருடைய தங்கை அந்தத் தாள்களை மாவுப் பைக்குள் வைத்துக் காப்பாற்றி நொர்புவிடம் கொடுத்தாள்.

யாழ்ப்பாணத்து வாய் சும்மா இருக்குமா? நண்பருக்கு என்ன பெயர், எந்த ஊர், தகப்பன் ஆர், சகோதரங்கள் எத்தனை, தங்கை என்ன செய்கிறாள் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். நொர்பு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தங்கை ஒரு சிறு ஊரில் ஆசிரியை என்றார். "இங்கே வந்தபிறகு அவனைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள்" என்றார். என் கை பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதியிருந்தது.

புத்தகத்திலோ 'நண்பனுக்கு' என்று ஒரே ஒரு சொல்தான் போட்டிருப்பதாகச் சொன்னார். பாவம் மனுசன், முறையாகச் செய்யத் தெரியவில்லை என்று நான் நினைத்தேன்.

4. மிச்சத் தாள்

புத்தகம் அறுபத்து நான்கு பக்கம். நடுவில் மடித்துக் கம்பி அடிப்பது. பெயர்ப் பக்கத்தோடு அறுபத்திரண்டு பக்கம் அவருடைய கையெழுத்து. கடைசித் தாளின் இரண்டு பக்கமும் வெறுமை. எங்கள் அச்சகத்தில் வெள்ளைப் பக்கம் விடுவதென்றால் வீட்டுக்கு விளக்கேற்றாமல் விடுகிற மாதிரி.

நொர்பு புரூஃப் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனபின், நான் கணினியில் உட்கார்ந்தேன். அறுபத்து மூன்றாம் பக்கத்தில், கல்வெட்டுக்குப் போடும் குத்துவிளக்கு போர்டருக்குள், ஆங்கிலத்தில் அந்த நண்பருக்கு ஒரு நினைவுக் குறிப்பு எழுதினேன். அவருடைய பெயர், ஊர், தகப்பன் பெயர். இன்னாரின் அன்புச் சகோதரர். தங்கையின் பெயர். அவள் எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள் என்பது. இந்தப் பக்கங்களை மாவுப் பையில் வைத்துக் காத்தவள் அவளே என்பது. எல்லாம் எழுதினேன். எழுதும்போது அழுதேன் என்பதையும் சொல்லவேண்டும்.

ஜோசப் அண்ணை பிளேட்டைப் பார்த்துவிட்டு, "உதை அந்தாளுக்குக் காட்டினனீரோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. கையில எடுத்துப் பாக்கேக்க சந்தோசப்படட்டும்."

தொழிலில் இருபத்தைந்து வருடம் நின்றவள் சொல்கிறேன். கையெழுத்து வாங்காத ஒரு வரியும் மிஷினுக்குப் போகக்கூடாது. அது அன்றைக்கும் எனக்குத் தெரியும்.

5. பார்க்டேல்

சனிக்கிழமை நகரத்தின் மறுபக்கம், பார்க்டேலில் ஒரு மண்டபத்தில் வெளியீடு. மொத்தம் ஐந்நூறு பிரதி. வியாழக்கிழமையே பெமா என்ற பெண் வந்து ஐம்பதை எடுத்துப் போய்விட்டாள். கூட்டத்தை ஒழுங்கு செய்தவள் அவள். நொர்பு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார்.

நான் முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். சில இடங்களில் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். கடைசித் தாளுக்கு வந்தார். வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"மிஸ் விமலா, இதை யார் செய்தது?"

"நான்தான்" என்றேன், பெருமையாக.

அவர் பக்கத்திலிருந்த பேப்பர்ப் பெட்டியில் உட்கார்ந்தார். விரலைத் தங்கையின் பெயரில் வைத்தார். "அவன் செத்துவிட்டான். அவனை இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இவள் உயிரோடு இருக்கிறாள். நாளைக்கு வருகிறவர்கள் எல்லோரும் என் நண்பர்கள் இல்லை."

இது எனக்குத் தெரியாத விஷயமா? அந்த வருடங்களில் ஊருக்கு அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போது தம்பியின் பெயரை நான் ஒரு நாளும் எழுதியதில்லை. 'பெரியப்பா சுகமோ' என்றுதான் கேட்பேன். கடிதத்தை யார் உடைப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். வேலை மேசையில் உட்கார்ந்ததும் அந்தப் புத்தி எங்கே போனதோ.

பெமா அந்த ஐம்பதையும் ஆட்களுக்குக் கொடுத்திருந்தால்? ஜோசப் அண்ணை மிஷினை நிறுத்திவிட்டு ஆணியில் தொங்கிய டெலிவரி வான் திறப்பை எடுத்தார். மூவரும் பார்க்டேலுக்குப் போனோம். நான் மனதுக்குள் நல்லூர் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

பெமாவின் அபார்ட்மெண்ட் கதவு திறந்ததும் எரிந்த மணம் மூக்கில் அடித்தது. மேசையில் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அவள் நொர்புவின் முகத்தைப் பார்த்தவுடனே திபெத்திய மொழியில் வேகமாக ஏதோ சொன்னாள். பிறகு எங்களுக்காக ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நேற்றே கண்டோம். உன் வேலையிடத்துக்குப் போன் எடுத்தேன், உன்னைக் கூப்பிடமாட்டோம் என்றார்கள். நாங்கள் மூன்று பெண்கள் உட்கார்ந்து அந்தத் தாளைக் கிழித்தோம். சிங்க்கில் போட்டு எரித்தோம். ஸ்மோக் அலார்ம் அடித்து, கட்டடத்து சுப்பரின்டென்டன்ட் ஓடிவந்துவிட்டார். ரொட்டி கருகிவிட்டது என்று சொன்னேன். ஐம்பதும் இருக்கிறது. எண்ணிப் பார்."

ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு பெயரைக் கண்டவுடன் என்ன செய்யவேண்டும் என்பது அந்த மூன்று பெண்களுக்கும் தெரிந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். பெமா என் தோளைத் தட்டி, "உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, பாவம்" என்றாள். ஏசியிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது.

நான் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தேன். முதல் தாள் கழன்று நிலத்தில் விழுந்தது. நடுவில் கம்பி அடித்த புத்தகத்தில் முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே காகிதம். கடைசியை அடியோடு கிழித்தால் முதலைப் பிடிக்க ஒன்றும் இருக்காது. நிலத்தில் கிடந்தது புத்தகத்தின் பெயரும் அவர் பெயரும் உள்ள பக்கம்.

6. தெரியும்படி

அச்சகத்துக்குத் திரும்பியபோது மகேந்திரன் அண்ணை எல்லாவற்றையும் கேட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நொர்புவிடம் தன் உடைந்த ஆங்கிலத்தில், "எல்லாம் திருப்பி அடித்துத் தருகிறேன். என் செலவு. அடுத்த வெள்ளிக்குள் புதுப் புத்தகம். இப்படி ஒன்று நடந்தது என்றே ஒருவருக்கும் தெரியாது" என்றார்.

நொர்பு கையிலிருந்த புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"என் முதல் தொகுப்பில் பதினொரு கவிதைகளை எடுத்தார்கள். எடுத்தபிறகு பக்க எண்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று புதிதாகப் போட்டார்கள். அச்சு மிக அழகாக இருந்தது. வாங்கினவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் குறையவில்லை. அந்தக் கவிதைகள் பிறக்கவே இல்லை என்ற மாதிரி" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "திருப்பி அடிக்க வேண்டாம். வெட்டுங்கள். ஆனால் வெட்டினது தெரியவேண்டும்."

முதல் தாள் கழலாமல் இருக்க ஓரத்தில் கொஞ்சம் விட்டுத்தான் வெட்ட வேண்டும் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். நெல்மணி அகலம் போதும் என்றேன். அவர் தன் ஆள்காட்டி விரலை வைத்துக் காட்டி, "இவ்வளவு விடுங்கள்" என்றார்.

முதல் புத்தகத்தை அவரே வெட்டினார். இரும்பு ரூலரை வைத்து, கத்தியைப் பிடித்து இழுத்தார். "இதுவரை மற்றவர்கள்தான் வெட்டினார்கள்" என்றார். அவருக்குக் கண்ணீர் வடிந்தது. துடைக்கவில்லை. பிறகு நாலு பேரும் உட்கார்ந்து மிச்சம் எல்லாவற்றையும் பின்னேரத்துக்குள் வெட்டி முடித்தோம். வெட்டிய தாள்களை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ஜோசப் அண்ணை கையால் பிசைந்து கூழாக்கினார். நெகட்டிவையும், பிளேட்டையும், என் எழுத்துத் துண்டையும் அழித்தோம். கணினியில் இருந்ததை நான் அழித்தேன். பெமாவிடமிருந்து கொண்டுவந்த ஐம்பதுக்கும் முதல் தாளைப் பசை வைத்து ஒட்டினோம்.

சனிக்கிழமை நான் மண்டபத்துக்குப் போயிருந்தேன். வாங்கினவர்கள் கடைசியில் அந்த விரலளவு ஓரத்தைக் கண்டதும் நின்றார்கள். ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. அவர்களுக்கு விளங்கிவிட்டது.

7. நினைவிலிருந்து

அந்தத் திங்கட்கிழமையே என் படிவத்தின் முதல் வரியை மாற்றினேன். 'போடக்கூடாத பெயர் ஏதும் உண்டா?' என்று முதலில் கேட்டேன். எங்கள் சனத்திலும் எத்தனை பேர் அந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்தார்கள் என்பதைப் பிறகுதான் கண்டேன். அதற்கு முன்பு நான் கேட்காமல் போட்ட பெயர்கள் எத்தனையோ. நான் கற்ற பாடம் அதுதான். ஒருவரின் பெயரை மரியாதையாகப் போடுவதும் தொழில், அதை விட்டுவிடுவதும் தொழில். எது வேண்டும் என்று அவரிடம் கேட்கவேண்டும். அன்பு கூடினால் கேட்கத் தோன்றாது. ஆகவே அன்பு கூடும்போது இரண்டு தடவை கேளுங்கள்.

இரண்டு வருடம் கழித்து நொர்பு திடீரென்று வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை. புத்தகம் ஒன்று எப்படியோ மலை தாண்டி அந்தத் தங்கையிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார். அவள் சுகமாக இருக்கிறாள், இன்னும் படிப்பிக்கிறாள். அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

கொண்டுபோனவரிடம் அவள் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்துக் கேட்டாளாம், இதில் என்ன இருந்தது என்று. உன் அண்ணனின் பெயர் இருந்தது என்றிருக்கிறார். என்னுடையதும் இருந்ததா என்று கேட்டிருக்கிறாள். ஓம், உன்னுடையதும். அதற்குப் பிறகு அவள் கேட்டது, "எப்படி எழுதியிருந்தார்கள்?"

"அது அவருக்குத் தெரியாது. எனக்கும் முழுதாக நினைவில்லை. உங்களுக்கு இருக்கிறதா?" என்றார் நொர்பு.

இருந்தது. ஒரு சொல் விடாமல் இருந்தது. நான் எழுந்து கதவைச் சாத்தினேன். பெயர், ஊர், தகப்பன் பெயர், இன்னாரின் அன்புச் சகோதரர் என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்றும் எழுதவில்லை. நான் முடித்தபிறகு அவர் சொல்லிப் பார்த்தார். ஓரிடத்தில் பிழைத்தது, திருத்தினேன். மூன்றாவது தடவை பிழையில்லாமல் முழுவதையும் சொல்லிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு பஸ்சுக்குப் போனார்.

அந்தக் குறிப்பு இன்றும் எனக்கு மனப்பாடம். ஆனால் அதை இங்கே எழுதப்போவதில்லை. அவர்களிடம் நான் இன்னும் கேட்கவில்லை.